தாய் பட்டினி கிடக்கும் மூன்று வாரம்

சுபாங் ஜெயாவில் மழை விட்டுத் தண்ணீர் தெளிந்ததும் எந்தப் பெரிய லோங்காங் வடிகாலை எட்டிப் பார்த்தாலும் திலாப்பியா நிற்கும். கறுத்த முதுகு, தடித்த உதடு, வெயிலுக்கும் கலங்கலுக்கும் அசராத உடம்பு. தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆற்று மீன் இது. 1930களின் கடைசியில் ஜாவாவில் தென்பட்டு, ஜப்பானியர் ஆட்சியின்போது உணவுக்காக மலாயாவுக்கு வந்தது. எங்கள் தாத்தா பாட்டி காலத்து ஆட்களுக்கு அது ஜப்பான் மீன். 1952-ல் இந்தியாவுக்குப் போனது. தமிழ்நாட்டில் ஜிலேபிக் கெண்டை ஆயிற்று. போன இடத்திலெல்லாம் அது பெருகியதற்குக் காரணம் கேட்டால் நான் முதலில் சொல்வது அதன் வாயைத்தான். ஆண் சேற்றில் குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிட்டு, அத்தனையையும் வாய்க்குள் அள்ளிக்கொண்டு விலகிவிடும். அதன்பின் குட்டை வற்றினாலும் வெள்ளம் வந்தாலும் முட்டை தாயோடு நகரும்.

நான் வளர்ந்தது சீபீல்டு தோட்டத்தில். 1976-ல் சுபாங் ஜெயா எழும்பத் தொடங்கியது அந்தத் தோட்டத்து நிலத்தில்தான். அம்மா பால்மரம் சீவப் போன பிறகு நாங்கள் குட்டைப் பக்கம் போவோம். கரையோரம் தாய்த் திலாப்பியா அசையாமல் நிற்கும். தலையைச் சுற்றிக் குஞ்சுகள் மேயும். எங்கள் நிழல் விழுந்ததும் தாய் வாயைத் திறக்கும், குஞ்சுகள் முண்டியடித்து உள்ளே போகும். மீன் குஞ்சைத் தின்கிறது என்று பயந்து கத்திய பிள்ளைகளும் உண்டு. பொறுத்திருந்து பார்த்தவர்களுக்கு அவை திரும்ப வெளியே வருவது தெரிந்தது. பிறகு இடைநிலைப்பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராகப் பல காலம் வேலை செய்தேன். குடுவை, தராசு, அமிலம், காரம் என்று போன நாள்கள். ஓய்வு பெற்றதும் எஸ்எஸ் 19 வீட்டின் முன்கூடத்தில் நான்கடித் தொட்டி ஒன்று வைத்தேன். அதில் வாயில் அடைகாக்கும் மீன்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

திலாப்பியா, சிக்லிட் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு காலத்தில் நம் ஊரில் வீட்டுக்கு வீடு வைத்திருந்த, நெற்றி புடைத்த லுவோஹானும் இதே குடும்பம். மலேசியாவிலேயே கலப்பினமாக உருவாக்கப்பட்டது. ஆனால் லுவோஹான் கல்லின்மேல் நூற்றுக்கணக்கில் முட்டையை ஒட்டிவைத்துக் காவல் நிற்கும் வகை. வாயில் அடைகாக்கும் சிக்லிட்டுகளின் தாயகம் என்றால் ஆப்பிரிக்காவின் பெரிய ஏரிகள்தாம். மலாவி, மொசாம்பிக், தான்சானியா நாடுகளுக்கு நடுவே கிடக்கும் மலாவி ஏரி 550 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், மிக ஆழமான இடத்தில் 700 மீட்டர். அங்கே எண்ணூறுக்கும் மேற்பட்ட சிக்லிட் இனங்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத் தவிர எல்லாமே வாயில் அடைகாப்பவை. அடைகாப்பது தாய் மட்டுமே. இதில் நம் மண்ணின் மீன்கள் வேறு வழக்கம் வைத்திருக்கின்றன. பேராக் புக்கிட் மேரா ஏரிக்குப் பேர் வாங்கித் தந்த கெலிசா மீனிலும், தீபகற்பத்து மலையோடைகளில் வாழும் பெட்டா புக்னாக்ஸ் என்ற சிறு சண்டை மீனிலும் முட்டையை வாயில் சுமப்பது தந்தை.

என் தொட்டியில் இருப்பது சௌலோசி. முழுப்பெயர் சிண்டோங்கோ சௌலோசி. ஆட் கோனிங்ஸ் 1990-ல் இதை விவரித்துப் பெயரிட்டார். சௌலோஸ் ம்வாலே என்ற மலாவிக்காரரின் பெயர்தான் மீனுக்கு நிலைத்தது. பெண்ணும் குஞ்சும் பளிச்சென்ற மஞ்சள். வளர்ந்து ஆதிக்கம் பெற்ற ஆண் நீலமாகி, உடம்பில் கறுப்புப் பட்டைகள் விழும். இரண்டையும் பக்கத்தில் பார்த்தால் வேறு வேறு மீன் என்றே நினைக்கத் தோன்றும். உலகத்தில் இது இயற்கையாக வாழ்வது மலாவி ஏரியின் சிசுமுலு தீவுக்கு வடக்கே உள்ள தைவானி என்ற ஒரே பாறைத்திட்டில். அலங்கார மீன் வணிகத்துக்காக அளவு மீறிப் பிடித்ததில், இன்று மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. சொந்தத் திட்டில் அருகிப்போன மீன், சுபாங் ஜெயாவில் ஒரு வீட்டு முன்கூடத்தில் குஞ்சு பொரிக்கிறது. அதை எப்படிக் கவனிப்பது என்று சொல்லும் பொறுப்பு எனக்கு இருப்பதாகவே நினைக்கிறேன்.

முதலில் தண்ணீர். கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்நீர் மென்னீர். சுண்ணாம்புச் சத்து குறைவு. மலாவி மீனுக்குக் காரத்தன்மை வேண்டும், பிஎச் 7.7-லிருந்து 8.6 வரை. இதற்கு விலை உயர்ந்த உப்புப் பொட்டலம் ஒன்றும் தேவையில்லை. வடிகட்டியில் ஒரு பை நிறையப் பவழத்தூள், அடியில் பவழ மணல், மேலே சுண்ணாம்புக் கற்கள் போதும். பத்துமலை எந்தக் கல்லால் ஆனதோ, ஈப்போவைச் சுற்றியுள்ள குன்றுகள் எந்தக் கல்லால் ஆனவையோ, அதே கல். மெல்லக் கரைந்து நீரைத் தானே வன்னீராக்கும். பிஎச் உயர்ந்த நீரில் அம்மோனியாவின் நஞ்சு கூடும் என்பதை ஆய்வகத்தில் வேலை செய்தவள் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன். புதுத் தொட்டியில் உடனே மீன் விடக்கூடாது. வடிகட்டியில் நுண்ணுயிர்கள் குடியேறி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றப் பழகும்வரை சில வாரம் காத்திருக்க வேண்டும். குளோரினை முறிக்கக் கடையில் சிறு பையில் விற்கும் வெள்ளைப் படிகம் சோடியம் தியோசல்ஃபேட், அதுவே போதும்.

வெப்பத்துக்கு இங்கே எந்தக் கருவியும் வேண்டாம். நம் வீட்டு நீர் தானாகவே 28 டிகிரியில் நிற்கும். கவலை மறுபக்கம்தான். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். வாய் நிறைய முட்டை வைத்திருக்கும் தாய்க்கு மூச்சு விடவே இடம் குறைவு. காற்றுக்குழாய் இரண்டாவது வையுங்கள். மார்ச், ஏப்ரல் வெக்கையில் தொட்டி மூடியைத் திறந்து சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பில் வீசவிட்டால் ஓரிரு டிகிரி இறங்கும்.

தண்ணீர் தடைபடும் நாள்களையும் கணக்கில் வைக்க வேண்டிய ஊர் இது. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் மாசு கலந்து சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றபோது பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் வறண்டு கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் தீனியை நிறுத்திவிடுவது நல்லது. மீன் பசி தாங்கும், அழுக்கு நீரைத் தாங்காது. குழாய் திரும்ப வந்ததும் முதல் நீர் கலங்கலாக வரும். அதைச் செடிக்கு ஊற்றுங்கள், தொட்டிக்கு அடுத்த நாள் மாற்றிக்கொள்ளலாம்.

சௌலோசி பாறைப்பாசியை மேய்ந்து வாழும் மீன். குடல் நீளம். புழு, மாட்டு இதயம் என்று கொழுக்கக் கொடுத்தால் வயிறு ஊதிச் சாகும். சுருள்பாசி கலந்த தீனி, வெந்நீரில் முக்கியெடுத்த கங்கோங் கீரை, அதுவும் சிறிது சிறிதாக. ஓர் ஆணுக்கு நான்கு பெண் என்ற கணக்கில் வையுங்கள். ஒற்றைப் பெண் இருந்தால் ஆண் துரத்தியே கொன்றுவிடும்.

இனி முட்டையிடும் நேரம். ஆண் ஒரு கல்லின் அடியில் மணலை வாயால் அள்ளி அள்ளி வெளியே துப்பி இடம் செய்யும். நிறம் ஏறும். பெண் முன்னால் வந்து உடம்பு முழுவதும் நடுங்கிக் காட்டும். சம்மதமான பெண் பின்னாலேயே போகும். இரண்டும் வட்டமாகச் சுற்றும். ஒரு சுற்றில் பெண் ஒன்றோ இரண்டோ முட்டை விடும். சட்டென்று திரும்பி அதை வாயில் எடுத்துக்கொள்ளும். ஆண் இன்னும் விந்தைக்கூட விட்டிருக்காது. அப்படியானால் முட்டை கருவுறுவது எப்படி? ஆணின் பின்துடுப்பைப் பாருங்கள். முட்டை அளவில் மஞ்சள் புள்ளிகள் இருக்கும். ஆண் அந்தத் துடுப்பை விரித்து மணலோடு படியவைத்துக் காட்டும். விடுபட்ட முட்டை என்று எண்ணிப் பெண் அதைக் கவ்வப் போகும். அந்த நொடியில் ஆண் விந்தை விட, பெண்ணின் வாய்க்குள்ளேயே முட்டை கருவுறும். வொல்ஃப்காங் விக்லர் 1962-ல் நேச்சர் இதழில் இதை எழுதினார். எல்லா இனத்திலும் அந்தப் புள்ளி இவ்வளவு வேலை செய்கிறதா, மஞ்சளும் சிவப்பும் பெண்ணின் கண்ணுக்கு எப்போதும் பிடித்த நிறங்களா என்று பின்னால் வந்தவர்கள் விவாதித்தார்கள். வீட்டுத் தொட்டியில் இந்தச் சுற்றை நேரில் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை.

அன்றைக்கே தாயின் அடையாளம் தெரிந்துவிடும். தாடைக்குக் கீழே தொண்டை பை போல இறங்கியிருக்கும். வாயை முழுதாக மூடாது. சில நொடிக்கு ஒருமுறை மென்று புரட்டுவதுபோல் தாடை அசையும். முட்டைகளைப் புரட்டி, புதுநீரை அவற்றின்மேல் ஓட்டுகிறது. தீனி போட்டால் எல்லா மீனும் மேலே வரும், இது மட்டும் கல்லுக்குப் பின்னால் நிற்கும். எதிர்வீட்டுப் பையன் மூன்றாம் படிவம் படிக்கிறான், மாலையில் தொட்டியைப் பார்க்க வருவான். முதல்முறை அதைப் பார்த்தபோது கேட்டான்:

"ஆண்டி, அது ஒண்ணுமே சாப்பிடலயே, செத்துப் போயிருமா?"

"சாகாதுய்யா. வாயில பிள்ளைங்க இருக்கு."

"எத்தன நாளைக்கு இப்படி?"

"மூணு வாரம் ஆகும்."

"வாயத் தொறந்து எடுத்துட்டா சாப்பிடும்ல?"

மீன் வளர்ப்பவர்கள் நடுவில் ஓயாமல் நடக்கும் வாக்குவாதத்தை அந்தப் பையன் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டான். எடுக்கலாம். வழக்கத்தில் இருக்கும் முறைதான். தாயை ஈரக்கையால் பிடித்து, தலைகீழாக நீருக்குள் சாய்த்து, மழுங்கிய குச்சியால் கீழ்த்தாடையை மெல்லத் திறந்தால் குஞ்சுகள் உதிரும். முட்டையாக இருந்தால் அவற்றைச் சுழல்குழாயில் போட்டு, காற்றுக்குமிழியின் ஓட்டத்தில் தாயின் வாய் புரட்டுவதுபோல் இரவும் பகலும் புரட்ட வேண்டும். கொஞ்சம் ஓட்டம் குறைந்தால் பூஞ்சை. கூடினால் கரு சிதையும். வணிகத்துக்கு வளர்ப்பவர்கள் இதைச் செய்வதன் காரணம் புரிகிறது: தாய் சீக்கிரம் தேறி அடுத்த முட்டைக்கு வரும், ஒரு குஞ்சும் வீணாகாது. வீட்டில் வைத்திருக்கும் நமக்கு அந்த அவசரம் எதற்கு? தாய் நலமாகவும் கொழுப்போடும் இருந்தால் இந்தப் பட்டினியை அதன் உடம்பு தாங்கும். அதன் முன்னோர்கள் அத்தனை தலைமுறையாகச் செய்துவந்தது இது. முதல் தடவை முட்டையிடும் இளம் தாய் சில நாளில் முட்டையை விழுங்கிவிடுவது சகஜம். பதற வேண்டாம், இரண்டாவது, மூன்றாவது முறை பிடித்துக்கொள்ளும். வளர்ப்பவர் நடுவே புகுந்தால் அந்தத் தாய் பழகிக்கொள்ள வாய்ப்பே இருக்காது என்பது என் எண்ணம். தாய் கண்கூடாக மெலிந்து, முதுகு கத்திபோல் ஆகி, ஆண் விடாமல் துரத்தினால் மட்டும் நான் கை வைப்பேன்.

வாய்க்குள் நடப்பது இதுதான். முட்டை மூன்று நான்கு மில்லிமீட்டர், மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம். நம் வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் பொரியும். பொரிந்தது முழு மீன் இல்லை. பெரிய கருமஞ்சள் பையும் அதில் ஒட்டிய வாலும் கண்ணும்தான். அந்தப் பையைக் கரைத்துக்கொண்டே உடம்பு வளரும். இரண்டு வாரம் தாண்டியதும் தாயின் தாடையை உற்றுப் பார்த்தால் மெல்லிய தோலுக்குப் பின்னால் சின்னக் கண்கள் கறுப்பாக அசைவது தெரியும். அப்போதுதான் தாயைத் தனியே மாற்ற வேண்டும், அதற்கு முன் வேண்டாம். ஆரம்பத்தில் வலை போட்டால் பயத்தில் முட்டையைத் துப்பிவிடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, மீன் அசந்து நிற்கும்போது பெரிய வலையால் எடுத்து இரண்டடித் தொட்டிக்கு மாற்றுங்கள். அந்தத் தொட்டியில் பழைய தொட்டியின் நீரும் சில கற்களும் இருக்கட்டும். ஆள் நடமாட்டமில்லாத மூலையில் வையுங்கள்.

பதினெட்டாம் நாளிலிருந்து இருபத்தொன்றாம் நாளுக்குள் ஒரு காலையில் ஏறக்குறைய ஒரு செண்டிமீட்டர் நீளத்தில் குஞ்சுகள் கல்லிடுக்கில் நிற்கும். பத்திலிருந்து முப்பதுக்குள் எதிர்பார்க்கலாம். நூற்றுக்கணக்கில் இல்லையே என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஒவ்வொன்றும் முழு மீனாக, தீனியைத் தானே தேடிக் கடிக்கும் பலத்தோடு வெளியே வருகிறது. தாயின் பட்டினி அதற்குத்தான். ஆப்பிரிக்காவின் இன்னொரு பெரிய ஏரியான தங்கனியிக்காவின் ட்ரோஃபியஸ் மீன் இன்னும் குறைவாக, பத்தையொட்டித்தான் இடும்; தாய் தானும் கொஞ்சம் தின்று, அதை வாயிலிருக்கும் குஞ்சுகளுக்கும் ஊட்டும்.

அதே ஏரியில் இந்தத் தாய்மையையே களவாடும் கெளுத்தி ஒன்று இருக்கிறது. சினோடோண்டிஸ் மல்டிபங்டாட்டஸ் என்று பெயர். சிக்லிட் முட்டையிடும் நேரம் பார்த்து இடையில் புகுந்து தன் முட்டையைச் சிந்திவிட்டுப் போகும். தாய் வேறுபாடு தெரியாமல் அதையும் அள்ளிக்கொள்ளும். கெளுத்திக் குஞ்சு முந்திப் பொரிந்து, வாய்க்குள்ளேயே வளர்ப்புத் தாயின் சொந்தக் குஞ்சுகளைத் தின்று வளரும். டெட்சு சாட்டோ 1986-ல் இதை வெளியிட்டார். புள்ளி அழகாக இருக்கிறதே என்று அந்தக் கெளுத்தியைச் சிக்லிட்டோடு சேர்த்து வாங்கிப் போகிறவர்களிடம் நான் வலியப் போய் இதைச் சொல்வேன்.

குஞ்சு வெளியே வந்ததும் தாயை எடுத்துவிடுங்கள். ஆனால் நேராகப் பெரிய தொட்டியில் போடாதீர்கள். மெலிந்த மீனை மற்றவை விரட்டும். சில நாள் தனியே வைத்துச் சிறிது சிறிதாகத் தீனி கொடுத்து, வயிறு நிமிர்ந்த பிறகு விடுங்கள். குஞ்சுக்கு ஆர்ட்டீமியா பொரித்துக் கொடுப்பது சிறப்பு. உப்பு நீரில் முட்டையைப் போட்டுக் காற்றுக்குமிழி விட்டால் நம் வெப்பத்தில் ஒரு நாளில் பொரிந்துவிடும். முடியாதவர்கள் தீனியைத் தூளாக்கி ஒரு நாளைக்கு நான்கைந்து முறை ஒரு சிட்டிகை போடலாம். மிச்சம் அடியில் தங்கினால் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். குஞ்சுகள் சாவது பெரும்பாலும் பசியால் இல்லை, அந்த மிச்சத்தால்.

நான் கடுமையாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. கடைகளில் ஆப்பிரிக்க சிக்லிட் என்று ஒரே தொட்டியில் பல நிறங்களைக் கலந்து விற்பார்கள். அழகுக்காக வைப்பதில் தவறில்லை. ஆனால் மலாவி மீன்கள் பலவும் நெருங்கிய உறவு. தன் இன ஆண் கிடைக்காத பெண் வேற்றின ஆணோடு சேரும், குஞ்சும் பிழைக்கும், அந்தக் குஞ்சும் முட்டையிடும். பீகாக் என்று விற்கும் ஆலோனோகாராவில் பெண்கள் எல்லாம் சாம்பல் நிறம், யாருக்கும் இனம் பிரிக்கத் தெரியாது. கலப்புக் குஞ்சை நல்ல பெயர் சொல்லி விற்றால், இரண்டு மூன்று கை மாறியதும் உண்மையான இனம் எது என்று சொல்ல ஆள் இருக்காது. சௌலோசி போல ஏரியிலேயே அருகிப்போன மீனில் அப்படி நடந்தால் அது திரும்பப் பெற முடியாத இழப்பு. அதனால் என் தொட்டியில் ஓர் இனம் மட்டுமே. தலைமுறைக்கொருமுறை வேறு வளர்ப்பவரிடமிருந்து ஆண் ஒன்றை மாற்றி வாங்குகிறேன், ரத்த உறவுக்குள்ளேயே சேர்ந்துகொண்டு போகாமல் இருக்க. முதுகு வளைந்தது, தாடை கோணியது எதையும் இனப்பெருக்கத்துக்கு விடுவதில்லை.

குஞ்சு மிஞ்சினால் எங்கே போவது? சுபாங்கின் பூங்கா ஏரியிலோ பழைய ஈயக்குட்டையிலோ கொண்டுபோய்க் கொட்டுபவர்களைப் பார்த்தால் தடுங்கள். திலாப்பியா இந்நாட்டு நீரை எப்படிப் பிடித்துக்கொண்டது என்பது எல்லோரும் பார்த்ததுதான். தென் அமெரிக்காவின் பீகாக் பாஸும் ஈயக்குட்டைகளில் இப்போது வேட்டையாடிக்கொண்டிருக்கிறது. இடம் இல்லையென்றால் ஆணையும் பெண்ணையும் பிரித்து வையுங்கள். முட்டையிட விடாமல் இருப்பதும் வளர்ப்பின் ஒரு பகுதி.

நான் குஞ்சுகளை மூன்று செண்டிமீட்டர் ஆகும்வரை வைத்திருந்து, ஆள் பார்த்துக் கொடுக்கிறேன். முதலில் அவர்கள் தொட்டியின் பிஎச்சைக் கேட்பேன். ஓர் ஆறேழு குஞ்சாகத்தான் கொடுப்பேன். அப்போதுதான் ஆணும் பெண்ணும் கலந்து வரும், மஞ்சளாக இருக்கும்போது பிரித்துச் சொல்ல முடியாது. பையின்மேல் இனத்தின் முழுப்பெயர், பொரித்த மாதம், தாய் தந்தை எந்த வளர்ப்பவரிடமிருந்து வந்தவை என்று எழுதி ஒட்டுவேன். எதிர்வீட்டுப் பையனுக்கும் இப்போது மூன்றடித் தொட்டி இருக்கிறது. போன மாதம் அவன் வீட்டில் ஒரு பெண் முதன்முறையாக வாய் நிறைய முட்டையோடு நின்றது. நான்காம் நாள் விழுங்கிவிட்டது. இன்னும் சில வாரத்தில் திரும்ப இடும், அதுவரை தீனியைப் பாசி கலந்ததாகவே கொடு என்று சொல்லியிருக்கிறேன்.